மாற்றம் ஏதும் தெரியவில்லை

மூன்றாவது முறையும் சென்னியப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், திங்கட்கிழமை அவர் மகள் மிதுனா விடுதிக்குத் திரும்ப வேண்டும். அதுதான் விதி. இன்று இரண்டாவது முறை.

"இது வேலை செய்யுதுங்களா?" என்று தன் நெற்றியில் இருந்த பட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். அவர் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுபவர். வீட்டின் முன்பக்கத்திலேயே கடை. எதையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றிப் பேசுவார்.

"செய்யுது சார். கண்ண மூடிக்குங்க" என்றேன்.

"மூடித்தான் இருக்கறனுங் அம்மிணி."

எதிர் நாற்காலியில் இன்னொரு பட்டையோடு மிதுனா உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. அவள் மனதில் இருப்பது பத்து நிமிடங்களுக்கு அவர் மனதில் இறங்க வேண்டும். ஐந்தாம் நிமிடத்தில் சென்னியப்பன் கொட்டாவி விட்டார். பத்தாம் நிமிடத்தில் பட்டையைக் கழற்றி, நூலைச் சுற்றுவதுபோல் ஒழுங்காகச் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"எப்பவும் போலத்தான் இருக்குதுங்க" என்றார்.

அந்தப் பட்டைக்கு அரசு வைத்த பெயர் நீளமானது. மக்கள் அதை ரிப்பன் என்கிறார்கள். அது வருவதற்கு முன்பு, படுத்த படுக்கையை விட்டு எழாத பிள்ளைகளைப் பற்றி வீடுகளில் பல கருத்துகள் இருந்தன. சோம்பேறித்தனம், செல்போன், செல்லம், யாரோ கண் வைத்துவிட்டார்கள். ரிப்பன் வந்தபிறகு பெரும்பாலான வாக்குவாதங்கள் பத்து நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. அதனால் ஒரு விதி செய்தார்கள். பிள்ளைக்கு ஓராண்டு விடுப்பும் வைத்தியமும் வேண்டுமென்றால், பள்ளியில் சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் ரிப்பனை மாட்டிக்கொண்டு, "எனக்குத் தெரிகிறது" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மூன்று முறை "தெரியவில்லை" என்றால் பிள்ளை நலமாக இருப்பதாகப் பொருள்.

என் வேலையின் பெயர் தோள்துணை. நோயிலிருந்து வெளியே வந்த இளைஞர்கள், நோயில் இருக்கும் பிள்ளைகளுக்குத் துணையாகவும் அவர்கள் சார்பில் பேசவும் அமர்த்தப்பட்டிருக்கிறோம். இந்த வேலைக்கு ஒரே தகுதி, முன்பு நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான். என் இயற்பியல் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. அதை மட்டுமே அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். "சுடர்விழி பிஸிக்ஸ் முடிச்சுட்டு கவர்மெண்ட்ல ஏதோ பண்றா."

எனக்குப் பதினேழு வயதில் அப்பா ரிப்பனை மாட்டினார். நான்காம் நிமிடத்தில் பிய்த்து எறிந்துவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டார். அன்றிலிருந்து என்னை ஒரு நாளும் காலையில் அதட்டி எழுப்பியதில்லை. எனவே சிலர் கடவுளை நம்புவதுபோல நான் ரிப்பனை நம்பிவந்தேன்.

எங்கள் மையம் பெருந்துறை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது. முன்பு அது பந்தி நடந்த கூடம். கைகழுவும் தொட்டிகள் வரிசையாக இன்னும் இருக்கின்றன. கீழே முகூர்த்தம் இருக்கும் நாளில் மேலே அமர்வு வைப்பதில்லை. மேளச் சத்தம் ரிப்பனில் ஏறிவிடும்.

அன்று முகூர்த்தம் இல்லை. மிதுனாவை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். நாங்கள் அங்கே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பெரும்பாலும் பேசாமல் இருப்போம். எனக்கும் பேச வராது, அவளுக்கும் முடியாது.

"அப்பா பொய் சொல்லலக்கா" என்றாள் அவள்.

"ஒண்ணுமே தெரியலைங்கறாரே."

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியோ என்னமோ."

பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மலையடிவாரத்தில் ஒரு தங்கிப் படிக்கும் பள்ளி. அங்கே நடந்ததாக அவள் எதையும் சொன்னதில்லை. எதுவும் நடக்கவில்லை, நடப்பது நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்பாள்.

"எல்லாரும் எறங்கித் தள்ளு தள்ளுங்கறாங்க" என்றாள். "நானும் எறங்கித் தள்ளலாம்னுதான் பாக்கறேன். ஆனா நின்னுபோன பஸ்ஸே நான்தானக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"திங்கக்கெழமை அங்க போனா, திரும்பி வருவேன்னு எனக்குத் தோணல" என்றாள். மழை வருமா வராதா என்று சொல்வதுபோல் சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. மழையைப் பற்றிய பேச்சில்லை அது.

நான் கீழே இறங்கிப் போனேன். சென்னியப்பனும் அவர் மனைவி மைதிலியும் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

"சார், ஒண்ணுமே தெரியலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அதிகம் உயராத என் குரல் உயர்ந்துவிட்டது. எங்கள் பயிற்சியில் முதல் பாடம், நாம் பிள்ளையின் பக்கம். இரண்டாவது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லும் பெற்றோர் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "தெரியலீங்களே அம்மிணி."

"தெரிஞ்சுக்க உங்களுக்கு இஷ்டமில்ல."

"இல்லாதத இருக்குதுன்னு சொல்லச் சொல்றீங்களா? என்ற புள்ளைக்காகச் சொல்லீரலாம். நாளைக்கு இவளுக்கு வேற என்னமோ கோளாறா இருந்து, நான் சொன்ன பொய்ய வெச்சு வைத்தியம் பாத்துட்டா என்னங்க பண்றது?"

மைதிலி என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். போன வாரம் ஒருநாள், கணக்கில் சேராது என்று தெரிந்தும், அவர் ரிப்பனை வாங்கி மாட்டிப் பார்த்தவர். மூன்றாம் நிமிடமே, "என்ற சாமி, இப்புடியா இருக்குது உனக்கு?" என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் பள்ளியில் கையெழுத்துப் போட்டவர் அவர் இல்லை.

"எங்க வீட்டுக்காரங்களத் தப்பா நெனைக்காதீங் கண்ணு" என்றார். "ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க. வாய்க்கால் சண்டையா, புருசன் பொண்டாட்டி தகராறா, இவங்களத்தான் கூப்புடுவாங்க. கோவமே வராது. எங்க மாமியா தவறுன அன்னைக்குக் கூட, காரியம் முடிஞ்சு சாயங்காலம் கடையத் தொறந்துட்டாங்க. யாரோ ஒருத்தரு தோட்டத்து மோட்டாரு, பயிரு காயுதுன்னு. சொட்டுக் கண்ணீரு இல்லீங்க. சென்னியப்பனாட்ட மனச வெச்சுக்கோணும்னு எல்லாரும் சொன்னாங்க."

"சந்தோஷம் வந்தா?"

"அதுவும் அப்புடித்தாங்க. ஆட மாட்டாங்க."

பெருமையாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது அமர்வு. கடைசி அமர்வில் மட்டும் அலுவலர் ஒருவர் காணொளியில் வந்து முடிவெழுதுவார். சென்னியப்பன் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். மைதிலியும் மிதுனாவும் பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். நான் தொழில்நுட்பம் பார்க்கும் இம்மானுவேல் அண்ணனிடம் இரண்டு பட்டைகளையும் கொடுத்து, ஒன்று நிச்சயம் பழுது என்றேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வேணும்னா வாங்குற பட்டைய நீ மாட்டிக்க. அனுப்புற பட்டைய யாருக்காச்சும் மாட்டிப் பாத்துருவோம்."

"நான் சும்மாதான உக்காந்துருக்கறேன். எனக்கு மாட்டுங்க" என்றார் சென்னியப்பன்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஊரே மெச்சும் அமைதி உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிடலாமே.

கண்களை மூடினேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வேலை. அதை முடித்தால் அடுத்த வேலை. அதை முடித்தால் அடுத்தது. நடுவில் யாரும் இல்லை. நடுவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை என்பதும் தெரியவில்லை. அப்புறம் அந்த எடை. அதை எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும். பதினேழு வயதில் நான் அதன் அடியில் படுத்துக் கிடந்தேன். இவர் அதைத் தூக்கிக்கொண்டு தினமும் கடையைத் திறக்கிறார்.

பட்டையைக் கழற்றினேன். அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"என்னாச்சுங் அம்மிணி? ஷாக் அடிச்சுருச்சுங்களா?" என்று பதறி எழுந்தார் சென்னியப்பன்.

"இல்ல சார். நல்லா வேலை செய்யுது."

இம்மானுவேல் அண்ணனைப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனேன்.

"அண்ணா, அவருக்கும் இருக்கு."

"எது?"

"மிதுனாவுக்கு இருக்கறது. அதே அளவு."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அப்ப அவருக்கு ஒண்ணும் தெரியாதுதான். இது வித்தியாசத்த மட்டுந்தான சொல்லும்? ஆளு மனசுல ஏற்கெனவே என்ன இருக்கோ அதக் கழிச்சுட்டு மிச்சத்தத்தான் அனுப்பும். முழுசா அனுப்புனா தாங்க மாட்டாங்கன்னு அப்படிப் பண்ணிட்டாங்க. வெந்நீர்லயே கைய வெச்சுட்டு இருக்கறவனுக்கு இன்னொரு சொம்பு வெந்நீர் ஊத்துனா என்ன தெரியும்?"

பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லித் தந்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நோயாளிப் பிள்ளைக்கு நோயாளி அப்பா இருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எப்போதும் பிள்ளையின் பக்கமே நின்றிருந்தோம்.

"அலுவலர்கிட்டச் சொல்லிரலாம்" என்றேன்.

"சொல்லு. கையெழுத்துப் போட்டவரே நோயாளின்னா அவர் வாய்ச்சொல்லு செல்லாது. அந்த வீடு பிள்ளைக்கு ஏத்த இடமில்லன்னு எழுதி, பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிருவாங்க."

"பாதுகாப்பான இடம்னா?"

"ஏற்கெனவே சேந்திருக்கற விடுதிதான். வேற எது?"

படிக்கட்டின் கீழே மைதிலியின் குரல் கேட்டது. மிதுனாவின் செருப்பு ஒவ்வொரு படியிலும் உரசி உரசி வந்தது. திரையில் அலுவலர் வருவதற்கு இன்னும் சில நிமிடங்கள்தான் இருந்தன.

சென்னியப்பன் கைகழுவும் தொட்டியருகே நின்றார். ஒழுகும் குழாய் ஒன்றைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கே புத்தி சொல்லும் மனிதரிடம் நான் போய் என்ன சொல்வது? எங்கள் திட்டத்தின் வயது வரம்பு இருபத்து நான்கு. அவருக்கு நாற்பத்தேழு.

"சார், ஒரு சந்தேகம்" என்றேன். "வயர்ல ரெண்டு எடத்துலயும் ஒரே அளவு வோல்டேஜ் இருந்தா, மீட்டர் என்ன காட்டும்?"

"சைபர் காட்டும். ஏத்த எறக்கம் இருந்தாத்தானுங்க முள்ளு ஆடும்? படிச்ச புள்ள, இது தெரியாதுங்களா?"

"தெரியும் சார். சைபர்னு காட்டுனா வயர்ல கரண்ட் இல்லைன்னு அர்த்தமா?"

"அதெப்புடி? ரெண்டு பக்கமும் முழுசா நிக்கும். கைய வெச்சா ஆளத் தூக்கிப் போட்ரும். அதத் தெரியாமத் தொட்டுத்தான..."

நிறுத்தினார். குழாயைத் திறந்தார். மூடினார்.

"அந்த ரிப்பனு மீட்டருங்களா?"

"ஆமா சார்."

"சித்த முன்ன நீங்க மாட்டுனீங்களே."

"ஆமா."

"உங்களுக்கு முள்ளு ஆடுச்சுங்களா?"

"ஆடுச்சு சார்."

எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் இப்புடித்தான் இருக்கும்னுல்ல நெனச்சனுங்க" என்றார். "கல்யாணம் காச்சின்னா சிரிக்கறாங்க, ஆடறாங்க. சரி, நடிக்கறாங்க, எனக்கு நடிக்க வராது, அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அமர்வு நடந்தது. அப்பாவும் மகளும் எதிரெதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மைதிலி வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடங்கள் முடிந்ததும் கருவி தன் முடிவைச் சொன்னது. மாற்றம் ஏதுமில்லை.

திரையில் அலுவலர் தணிகாசலம் கண்ணாடியை மேலே தள்ளினார். அவர் சென்னையில் இருப்பவர். அன்று பார்க்க வேண்டிய குடும்பங்கள் அவருக்கு நிறைய இருந்தன.

"என்னா சார், இந்த தபாவும் மிஷின் இல்லன்னுதான் காட்டுது. ஆனா ரூல்படி உங்க வாய்வார்த்தைதான் செல்லும். தெரிஞ்சுதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

சென்னியப்பன் பட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மிதுனா கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியுதுங்க" என்றார்.

மைதிலியின் உதடு அசைவது நின்றது.

"அப்பாடா. எவ்ளோ நேரம் தெரிஞ்சுது? மூணு நிமிஷத்துக்கு மேல இருந்தாத்தான் நான் எழுத முடியும்."

"இருக்குமுங்க."

"குத்துமதிப்பா சொல்லாதீங்க சார். எப்பலேர்ந்து தெரிஞ்சுது?"

சென்னியப்பன் யோசித்தார். சரியாகச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே யோசித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னால இருந்தே தெரியுதுங்க."

அலுவலர் விழுந்து விழுந்து சிரித்தார். "தமாஷான ஆளு சார் நீங்க. கல்யாணத்துக்கு அப்புறம்னு சொல்லிருந்தா நம்பியிருப்பேன், எனக்கும் அப்டித்தான். மூணு நிமிஷத்துக்கு மேலன்னு போட்டுக்கறேன். பாப்பாவுக்கு ஒரு வருஷம் லீவு, வைத்தியம், எல்லாம் ஓகே. விடுதிக்கு நாங்களே தகவல் குடுத்துருவோம்."

திரை அணைந்தது. திட்டத்தின் கணக்கில் அது ஒரு வெற்றி. என் பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண் ஏறியிருக்கும்.

அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க" என்றார் மைதிலி. "நெசமாலுமே கல்யாணத்துக்கு முன்னால இருந்தேவா?"

"ஆமா மைதிலி."

"அப்ப என்னாலன்னு இல்லீங்களா?"

"உன்னாலயா? எது?"

"உங்க அக்கா ஒருக்கா சொன்னாங்க. எந்தம்பி முன்னெல்லாம் இப்புடியில்ல, கட்டுனதுக்கப்பறந்தான் சிரிப்பே போயிருச்சுன்னு." அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நானும் என்னென்னமோ மாத்திப் பாத்தனுங்க. சேலை மாத்துனேன், பேச்ச மாத்துனேன். ஊரெல்லாம் பொறுமைசாலிங்குது, என்கிட்ட மட்டும் என்னமோ புடிக்கலைன்னு நெனச்சுட்டேன்."

"அக்கா சும்மா சொல்லியிருக்கும்" என்றார் சென்னியப்பன். மனைவியைத் தேற்றும் குரலில் சொன்னார். "முன்னயும் இப்புடித்தான் இருந்தேன். நீ ஒண்ணும் பண்ணல."

மைதிலி தலையைக் குனிந்துகொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

மிதுனா பட்டையைத் தலைமுடி மேல் ஏற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துவந்த இத்தனை வாரங்களில் அவள் எதையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

"ஏனுங்கப்பா, அப்பறம் எப்புடிங்க காத்தால எந்திரிக்கறீங்க?"

இந்தக் கேள்விக்குச் சொல்ல எங்களுக்குப் பயிற்சியில் பதில் தந்திருந்தார்கள். அப்பாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தெரியலையே சாமி" என்றார் அவர். "படுத்துட்டே இருந்தா என்னாச்சு என்னாச்சும்பாங்க. பதில் சொல்லோணும். அதுக்குப் பயந்துட்டு எந்திரிச்சுருவேன்."

"எனக்கும் அதே பயந்தாங்க. எந்திரிச்சா, இப்பச் சரியாப்போச்சான்னு கேப்பாங்க. அதுக்குத்தான் படுத்தே இருக்கறேன்."

சென்னியப்பன் அதைக் கொஞ்சம் யோசித்தார். தன் தொழிலில் வேறொருவர் செய்யும் புது முறையைக் கேள்விப்பட்டவர்போல் இருந்தார்.

"ஓ" என்றார். "அப்புடியும் பண்ணலாமாட்ட இருக்குது."

திங்கட்கிழமை காலை மைதிலி எனக்குப் போன் செய்தார். மெதுவான குரலில் பேசினார்.

"அம்மிணி, ரெண்டு பேருமே எந்திரிக்கலீங்க."

"மிதுனாவும் சாருமா?"

"ஆமாங்க. அவ ரூம்புலதான். அவ கட்டல்ல, இவங்க கீழ பாயில. ஆளுக மோட்டாரத் தூக்கிட்டு வந்து கடைக்கு முன்னால நிக்கறாங்க. நல்லா இருந்த மனுசன ரிப்பன மாட்டிக் கெடுத்துட்டாங்கன்னு பேசிக்கறாங்க."

"சாப்பிட்டாங்களா?"

"ஆளுக்கு ரெண்டு இட்லி. படுத்துட்டே பேசிக்கறாங்க."

"என்ன பேசறாங்க?"

"தெரியலீங்களே. நான் உள்ள போனா நிறுத்திக்கறாங்க." பிறகு இன்னும் மெதுவாகக் கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன். இருந்தாலும், நானும் போய் அங்கயே படுத்துக்கட்டுமாங் கண்ணு?"

நலமாக இருப்பவர்களுக்கு எங்கள் திட்டத்தில் எதுவும் சொல்லப்படவில்லை.

"படுத்துக்குங்கம்மா" என்றேன்.

அவர் போனை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டுப் போனார். யாரோ கடைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபடியும் தட்டினார்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை.